வேகோ தீ: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மதக்குழுக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் வேகோ முற்றுகையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1993இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எஃப்.பி.ஐ. முற்றுகையிட்டிருந்த வளாகத்தில், பிராஞ்ச் டேவிடியன் என்ற மதக்குழுவின் தலைவர் டேவிட் கொரேஷும் அவருடைய ஆட்களும் குழந்தைகளோடு எரிந்துபோனார்கள். அரசே விசாரித்து, தன்மேல் தவறில்லை என்று அரசே சொல்லிக்கொண்டது. எஃப்.பி.ஐ.தான் தீ வைத்தது என்று நினைக்கிறேன். நீங்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நான் அப்படி நினைக்கவில்லை. ஏப்ரல் 19 காலை டாங்கிகள் சுவரை இடித்துக் கண்ணீர்ப்புகையைச் செலுத்தியபோது, உள்ளே இருந்தவர்கள் எரிபொருள் ஊற்றுவது பற்றிப் பேசிக்கொண்டது ஒட்டுக்கேட்பில் பதிவாகியிருக்கிறது. நண்பகலில் பல இடங்களில் சில நிமிட இடைவெளியில் தீ பிடித்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

உங்கள் சந்தேகத்துக்குத் தீனி போட்டதும் அரசுதான். தீப்பற்றவைக்கக்கூடிய கண்ணீர்ப்புகைக் குண்டு எதையும் சுடவே இல்லை என்று ஆறு வருடம் சாதித்தார்கள். 1999இல் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. இத்தனைக்கும் அவற்றைச் சுட்டது பக்கத்திலிருந்த கான்கிரீட் குழியை நோக்கி, தீப்பிடிப்பதற்குச் சுமார் நான்கு மணி நேரம் முன்னால். அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அதன்பிறகுதான் அன்றைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ, முன்னாள் செனட்டர் ஜான் டான்ஃபோர்த்தை விசாரிக்க நியமித்தார். அரசு தீ வைக்கவில்லை, அன்று யாரையும் சுடவுமில்லை என்று 2000இல் அவர் அறிக்கை கொடுத்தார். சரி. ஆனால் அதிகாரிகள் எடுத்த முடிவுகள் புத்திசாலித்தனமானவையா என்று அவர் பார்க்கவில்லை. அது தன் வேலை இல்லை என்று ஒதுக்கிவிட்டார். எனக்கு அதுதான் கேள்வி.

அரசு விசாரணை என்றாலே பூசிமெழுகல் என்றும் சொல்லிவிட முடியாது. மது, புகையிலை, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். துறை, முற்றுகைக்கு முன்னால் பிப்ரவரி 28 அன்று அந்த வளாகத்தில் நடத்திய முதல் சோதனை பற்றி, அதன் மேலிடமான கருவூலத் துறை அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வழி தெரியாமல் நின்ற டிவி கேமராக்காரர் ஒரு தபால்காரரிடம் வழி கேட்கிறார். அந்தத் தபால்காரர் கொரேஷின் ஆள். செய்தி உள்ளே போகிறது. அந்நேரம் கொரேஷோடு பைபிள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரோ மாறுவேடத்தில் வந்த ஏ.டி.எஃப். அதிகாரி! அவர் எப்படியோ வெளியே வந்து, 'அவருக்குத் தெரிந்துவிட்டது' என்று மேலதிகாரியிடம் சொல்கிறார். கேட்டவர்கள் சோதனையை நிறுத்தவில்லை, அவசரப்படுத்தினார்கள். நான்கு அதிகாரிகளும் ஆறு டேவிடியன்களும் அன்றே இறந்தார்கள். எச்சரிக்கையை மீறியதையும், பிறகு அதை மறைத்ததையும் அந்த அறிக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது.

அடுத்து எஃப்.பி.ஐ. முற்றுகையிட்டு நின்ற 51 நாள் கதைக்கு அப்படியொரு கறாரான அறிக்கை வரவில்லை என்பதே என் குறை. பேசிப் பேசியே 35 பேரை வெளியே கொண்டுவந்தார்கள், அதில் 21 பேர் குழந்தைகள். மார்ச் 12 அன்று இரண்டு பேர் வெளியே வந்தார்கள். அன்றிரவே மின்சாரத்தைத் துண்டித்தார்கள். வெளியே வந்ததற்குக் கிடைத்த பரிசு!

பைபிளின் கடைசிப் புத்தகத்தில் உலக முடிவைப் பற்றிச் சொல்லும் ஏழு முத்திரைகளுக்கு விளக்கம் எழுதி முடித்ததும் சரணடைகிறேன் என்று ஏப்ரல் 14 அன்று கொரேஷ் கடிதம் கொடுத்தார். முன்பே ஒருமுறை வாக்குத் தவறியவர், யாரும் நம்பவில்லை. ஐந்தாம் நாள் டாங்கிகள் நுழைந்தன. தீயிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணிடம் ஒரு கணினி வட்டு இருந்தது. முதல் முத்திரைக்கான விளக்கம் அதில் எழுதி முடிக்கப்பட்டிருந்தது.