இலைக்கும் காசு

வணக்கம்.

டிசம்பரில் நானும் மனைவியும் ஒரு மாதம் ரயிலிலேயே இந்தியாவைச் சுற்றப் போகிறோம். பெங்களூரு, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா, கடைசியில் திருவனந்தபுரம். கோயில், கோட்டையெல்லாம் எங்களுக்கு இரண்டாம்பட்சம், சாப்பாட்டுக்காகத்தான் இந்தப் பயணமே. ஊருக்கு ஒன்றாக, வாழ்நாளில் மறக்க முடியாத ஓட்டல்களின் பட்டியல் ஒன்று நீங்கள் போட்டுத் தர வேண்டும். நானும் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். இணையத்தில் நாலரை நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் எதையும் அதில் சேர்க்கவில்லை.

கொல்கத்தாவில் பைஸ் ஹோட்டல் என்று பழைய சாப்பாட்டுக் கடைகள் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். சோறு, பருப்பு, மீன் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலையாம். அது போக வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனியாகக் காசு வாங்குகிறார்களாம். இலைக்குக் காசு கேட்கிற கடையில் என்ன விருந்தோம்பல் இருந்துவிட முடியும்? அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். சரிதானே? சுத்தம், முன்பதிவு பற்றியும் சொல்லுங்கள். மனைவி சைவம். வடக்கே என்ன கிடைக்குமோ தெரியவில்லை, எப்படியோ சமாளித்துக்கொள்வார்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. உங்களுக்குப் போடுவது அந்த இலைக்காக. கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு மெஸ் இருக்கிறது. போன மாதம் ஒரு மதியம் அங்கே ஒரு பையன் வந்தான், பத்தொன்பது இருபது வயதிருக்கும், முதுகில் உணவு டெலிவரிப் பை. "சோறும் ரசமும் மட்டும் போதும்ணே, எவ்வளவு?" என்று கேட்டான். "தனியால்லாம் இல்லப்பா, ஃபுல் மீல்ஸ்தான்" என்றார் கல்லாவில் இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை, கடையின் முறை அது. பையன் விலைப் பலகையைப் பார்த்தான், போனை எடுத்து ஏதோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றான், அப்புறம் எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டான். ஊருக்கெல்லாம் சாப்பாடு சுமந்து கொடுக்கிற பையன். ஒரே விலை, வேண்டிய மட்டும் சாப்பிடு என்பதுதான் தாராளம் என்று நாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். அந்த ஒரே விலை கையில் இல்லாதவன் என்ன செய்வான் என்று நாம் கேட்டதே இல்லை.

மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். முன்பதிவு வேண்டாம், வரிசையில் நில்லுங்கள். சுத்தம் என்றால், கூட்டம் இருக்கிற கடையில் சூடாக வருவதைச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். நட்சத்திரக் கணக்கைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. டெல்லி ஜமா மசூதிப் பக்கம் கரீம்ஸ், லக்னோ சௌக்கில் டுண்டே கபாபி இரண்டைப் பற்றியும் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், போய்ச் சாப்பிடுங்கள். நீங்கள் போவது டிசம்பர் என்பதால் பழைய டெல்லித் தெருக்களில் காலையில் தௌலத் கி சாட் கிடைக்கும். பாலைக் கடைந்து கடைந்து மேலே எழும் நுரையை மட்டும் எடுத்துச் சேர்த்து, சர்க்கரை தூவிக் கொடுப்பார்கள். குளிர் போனால் அதுவும் போய்விடும், தவறவிடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டுக்காக ஊர் ஊராகப் போகிறவர் ஒரு கடையைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டியது, அது யாருடைய பசிக்காகத் திறந்தது என்பதை. நினைவில் நிற்கிற பழைய ஓட்டல்களை எடுத்துக்கொள்ளுங்கள், அநேகமாக எதுவும் நம்மைப் போன்ற உல்லாசப் பயணிகளுக்காகத் திறந்ததில்லை. பிழைப்புக்காக வீட்டை விட்டு வந்தவனுக்கு, அதேபோல வீட்டை விட்டு வந்த இன்னொருவன் சமைத்துப் போட்ட இடங்கள் அவை. பெங்களூரு எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கியது, உடுப்பிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சமையல் வேலைக்கு வந்த மையா சகோதரர்களின் கடை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்தோம், ரவா இட்லி அப்படித்தான் பிறந்தது என்பார்கள் அவர்கள். மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் இருக்கும் பிரிட்டானியா 1923-ல் திறந்தது. ஈரானிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கடை, துறைமுகப் பக்கத்து ஆபீஸ்காரர்களுக்கு மதியச் சாப்பாடு போட்ட கடை. அதனால், பெயர்பெற்ற அந்த பெர்ரி புலாவ் வேண்டுமானால் மதியம் போக வேண்டும். கரீம்ஸ்கூட 1911-ல் நடந்த டெல்லி தர்பார் என்ற அரச விழாவுக்கு வந்து குவிந்த கூட்டத்துக்கு ரொட்டியும் ஆட்டுக்கறியும் விற்றதிலிருந்து கிளைத்ததுதான்.

இந்த வரிசையில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது நீங்கள் அடித்துவிட்ட பைஸ் ஹோட்டல்.

பைஸ் என்றால் நம் காலணா, பழைய ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. கல்லூரிப் பையன்களும் குமாஸ்தாக்களும் கூலிக்காரர்களும் கிராமத்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து மெஸ் அறைகளில் அடைந்து கிடந்த காலத்தில், அவர்களுக்காக முளைத்தவை இந்தக் கடைகள். சமைத்தவர்களில் நிறையப் பேர் ஒடியாக்காரர்கள், அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். காலேஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் பவானி தத்தா சந்தில் 'ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல்' இன்றும் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்னால் வெறும் ஹிந்து ஹோட்டல். பக்கத்து பிரெசிடென்சி கல்லூரியில் படித்த காலத்தில் சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்து சாப்பிடுவார் என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நியூ மார்க்கெட் பக்கம் சித்தேஸ்வரி ஆசிரம், ராஷ்பிகாரி அவென்யூவில் தருண் நிகேதன் என்று இன்னும் சில பிழைத்திருக்கின்றன.

உள்ளே போனால் ஒரு பலகையில் சாக்பீஸால் அன்றைக்கு என்னென்ன என்று எழுதியிருக்கும். காலையில் சந்தையில் என்ன மீன் நல்லதாகக் கிடைத்ததோ அதுதான், விலையும் அதற்குத் தக்கபடி. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். இலை விழும், ஓரத்தில் உப்பு, நீங்கள் கேட்டால் ஒரு துண்டு எலுமிச்சை. பரிமாறுபவர் ஒரே சமயத்தில் நாலைந்து மேசைகளைப் பார்த்துக்கொள்வார், கையில் சீட்டு கிடையாது, பென்சில் கிடையாது. சாப்பிட்டுவிட்டு நீங்கள் எழுந்ததும், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கல்லாவைப் பார்த்து ஒரே மூச்சில் ராகம்போல இழுத்துச் சொல்வார்: பாத், டால், ஆலு பாஜா, பார்ஷே, லேபு, பாதா. சோறு, பருப்பு, உருளை வறுவல், பார்ஷே மீன், எலுமிச்சை, இலை. கல்லாக்காரர் கூட்டி முடிப்பதற்கும் நீங்கள் போய்ச் சேர்வதற்கும் சரியாக இருக்கும்.

என் சித்தப்பா அறுபதுகளில் அங்கே ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். லேக் மார்க்கெட் பக்கம் நம் ஊர்க்காரர்கள் சிலரோடு ஒரு அறை. சம்பளத்தில் பாதி மணியார்டராகப் பாட்டிக்கு வந்துவிடும், அதில்தான் அத்தைகளின் கல்யாணம் நடந்தது, அதில்தான் என் அப்பா படித்தார். மிச்சப் பாதியில் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. வயதான பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார். மாத ஆரம்பத்தில் பைஸ் ஹோட்டலில் தினம் மீன், சில நாள் இரண்டு வகை. தேதி ஆக ஆக மீன் போய் முட்டை, முட்டை போய் ஒரு காய், கடைசி வாரம் சோறு, பருப்பு, ஒரு துண்டு எலுமிச்சை. உட்காருவது அதே பெஞ்சு, சாப்பிடுவது அதே இலை. "மாசம் பூரா, 'பாபு, மாச்?'னு, மீன் வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருப்பான்டா அந்தப் பரிமாறுற ஆளு. இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல கேக்கவே மாட்டான். நேரா பருப்பை ஊத்திட்டுப் போயிடுவான்." இதைச் சொல்லும்போது சித்தப்பாவின் முகத்தில் வருத்தமே இல்லை, நல்ல நண்பனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கடையில் விருந்தோம்பல் இல்லையா? சோற்றுக்குத் தனி விலை, பருப்புக்குத் தனி விலை, எலுமிச்சைக்குத் தனி விலை என்று பிரித்துப் பிரித்து வைத்ததால்தான் கையில் இருப்பதற்கு ஏற்றபடி ஒருவன் தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. எலுமிச்சை வேண்டாதவன் எலுமிச்சைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பெரிய சித்தல் மீனாகச் சாப்பிடுகிறவரின் செலவில் துளியும் இவன் தலையில் விழாது, அவர் தயவும் இவனுக்கு வேண்டாம். 'இலவசம்' என்று நீங்கள் நினைக்கிற இலையின் விலை உங்கள் ஊர்ச் சாப்பாட்டு விலைக்குள்ளேயே இருக்கிறது, க. உங்களுக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்கிறார்கள், உங்களுக்கு அது உறைக்கவில்லை, ஏனென்றால் உங்களால் கொடுக்க முடிகிறது. இங்கே இலைக்கு இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். சொல்வதைக் கேவலம் என்கிறீர்கள். நாலரை நட்சத்திர ஓட்டலில் கண்ணாடிப் பாட்டில் தண்ணீருக்கு என்ன போடுகிறார்கள் என்று பில்லை எடுத்துப் பாருங்கள், அங்கே விருந்தோம்பலைப் பற்றிக் கேட்டீர்களா? நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

அளவில்லாச் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பார்க்க மும்பையில் மாட்டுங்கா போங்கள். ஸ்டேஷனை ஒட்டி, மாடியில், ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங், 1942-லிருந்து நடக்கிறது. ராமா நாயக்கும் சிறுவனாக பம்பாய்க்கு வந்து சமையற்கட்டில் எடுபிடி வேலை பார்த்தவர்தான். தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் குடியேறிய பேட்டை அது, பிரம்மச்சாரிகளுக்கு நாளில் அந்த ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு, அவர்களுக்குப் போதும் போதும் என்கிற வரைக்கும் பரிமாறுவதுதான் முறை. ரசத்துக்கு இலையில் அணை கட்டிச் சாப்பிடுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாட்டுங்காவில் ஒரு வேளை, காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு வேளை என்று இரண்டையும் ஒரே பயணத்தில் சாப்பிடக் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

திருவனந்தபுரத்துக்கு என்னிடம் ஒரே பெயர்தான். ரயிலை விட்டு இறங்கித் தம்பானூரில் வெளியே வந்தால் எதிரே பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செங்கல் நிறத்தில் உருளையாக ஒரு கட்டடம் தெரியும், இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. படிக்கட்டே கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், வெளிச்சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிவைத்த மேசைகள், ஓட்டை விட்ட சுவர் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வரும். ஐம்பதுகளில் அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களைத் தெருவில் விட்டபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணைநிற்க அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1957-ல் டெல்லியில் திறந்தார்கள், 1958-ல் திருச்சூரில். உங்களுக்குத் தட்டு கொண்டுவருகிற, விசிறித் தலைப்பாகை கட்டிய அந்த மனிதர் யாருடைய வேலைக்காரரும் இல்லை, சங்கத்து ஆள். மசாலா தோசைக்குள் பீட்ரூட் போட்டிருப்பார்கள், சிவப்பாக இருக்கும், பயப்படாமல் சாப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. 'சமாளித்துக்கொள்வார்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்களே. ஒரு மாதம் கூடவே வரப்போகிறவர், அவருக்கும் இது சாப்பாட்டுப் பயணம்தானே? வங்காளத்தில் சைவச் சமையல் தனிக் கடல். பாகற்காய்க் கசப்போடு தொடங்கும் ஷுக்தோ, கசகசா அரைத்துவிட்ட ஆலு போஸ்தோ, தேங்காய்த் துண்டு போட்ட கடலைப்பருப்பு, நம்மைப் போலவே வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் விடாமல் சமைக்கிறவர்கள் அவர்கள். ஒன்றில் மட்டும் கவனம். வாழைப்பூவில் சிற்றிறால் சேர்ப்பதுண்டு, பாசிப்பருப்பில் மீன் தலை போடுவதுண்டு. பலகையைப் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, உட்கார்ந்ததும் அவரையே 'நிராமிஷ்' என்று சொல்லச் சொல்லுங்கள், சைவத்தில் அன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று பரிமாறுபவர் வரிசையாக ஒப்பித்துவிடுவார். மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்துவிடும்.