‘யூரோபோரோஸ்’ தொகுப்பும் இரண்டு ஆங்கிலப் பாடல்களும்: கேள்வி பதில்

ஜப்பானிய மெட்டல் (கனமான ராக் இசை) குழுவான டிர் என் கிரே 2008 நவம்பரில் வெளியிட்ட ‘யூரோபோரோஸ்’ பாடல் தொகுப்பை ஆங்கில வரிகள் பலவீனப்படுத்துகின்றன என்று எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இவ்வளவு கொண்டாடப்பட்ட தொகுப்பில் பலவீனம் எங்கே இருக்கிறது ஐயா?

இந்தத் தொகுப்பை நானும் கொண்டாடுகிறேன். அதனால்தான் குறை உறுத்துகிறது. ‘வினுஷ்கா’வைக் கேளுங்கள். ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஓடும் பாடல். மெல்லிய கிட்டாரில் தொடங்கி, உறுமலாக வெடித்து, முடிவில் மன்றாட்டாக உயர்கிறது. பாடகர் கியோவின் முணுமுணுப்பு, அலறல், பெண்குரல் போல மேலேறும் மென்குரல் எல்லாம் ஒரே பாட்டில் வருகின்றன, எதுவும் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. தொகுப்பு முழுவதும் ஒரு நீண்ட சடங்கு நடப்பது போன்ற கனம் இருக்கிறது. நடுவே ‘கிளாஸ் ஸ்கின்’ வந்ததும் அந்தக் கனம் கலைகிறது. கடைசிக்கு முந்தைய ‘டோஸிங் கிரீன்’ பாடலில் மறுபடியும் கலைகிறது. இரண்டும் முதலில் ஜப்பானிய மொழியில் தனிப்பாடல்களாக வந்தவை. தொகுப்பில்தான் ஆங்கில வரிகளோடு இடம்பெற்றன.

கேள்வி: கியோவின் ஆங்கில உச்சரிப்பைக் குறை சொல்கிறீர்களா? அது நியாயமா?

உச்சரிப்பை நான் குறை சொல்லவே இல்லை. யாரும் தன் நாக்கோடுதான் பாட முடியும். என் குறை மெட்டுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவைப் பற்றியது.

ஜப்பானிய மொழி ‘மோரா’ எனப்படும் ஏறக்குறைய சம அளவுள்ள ஒலித்துண்டுகளாக நடக்கிறது. பெரும்பாலான துண்டுகள் ஓர் உயிர் ஒலியில் முடியும். ஆங்கிலமோ அழுத்தத்தை வைத்து நடக்கிறது. மெய்களை நெருக்கி அடுக்கி, வாயை மூடி முடிக்கும் சொற்கள் அதில் ஏராளம். ‘ஸ்ட்ரெங்த்’ என்பது ஆங்கிலத்தில் ஒரே அசை. ஜப்பானிய ஒலிமுறைக்கு மாற்றினால் சு, தொ, ரெ, ன், கு, சு என்று ஆறு மோராக்கள்.

ஜப்பானிய வரிகளோடு வளர்ந்த மெட்டில், குரல் நீண்டு நிற்க ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் உயிர் ஒலி காத்திருக்கும். அதே மெட்டின் மேல் ஆங்கிலத்தைப் போர்த்தினால் சில சுரங்கள் காலியாகின்றன, சிலவற்றில் மெய்கள் முட்டிக்கொள்கின்றன. கியோவின் குரல் உச்சத்தில் மலர வேண்டிய இடத்தில் சொல் வாயை அடைத்துவிடுகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு, அது எனக்கு இன்னும் பெரிது. ஜப்பானிய மொழியில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். பேசுவது கொன்றவனா, கொல்லப்பட்டவனா என்று தெரியாத மயக்கத்தில் ஒரு பாடல் முழுவதையும் நடத்தலாம். கியோவின் எழுத்துக்கு அந்த மயக்கமே உயிர். ஆங்கிலம் பெரும்பாலும் ‘நான்’, ‘நீ’ என்று ஆளைக் காட்டச் சொல்கிறது. ஆளைக் காட்டியதும் பாடல் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: உறுமும் இடங்களில் எந்த மொழியானால் என்ன?

அங்கே எனக்குப் புகார் இல்லை. முந்தைய 2007 தொகுப்பான ‘தி மேரோ ஆஃப் எ போன்’ நெடுகிலும் ஆங்கிலம் வருகிறது. பெரும்பகுதி அலறலும் தாள அடியுமாக இருப்பதால் அது உறுத்துவதில்லை. குரல் துணையின்றித் தனியே நிற்கும்போதுதான் மொழி முன்னால் வருகிறது. ‘கிளாஸ் ஸ்கின்’ அப்படிப்பட்ட மென்மையான பாடல், எனவே அதற்கே சேதம் அதிகம்.

கேள்வி: பிறகு ஏன் ஆங்கிலத்தைத் தேர்ந்தார்கள்?

காலத்தைப் பார்த்தால் ஊகிக்கலாம். 2005இல் பெர்லினில் நிகழ்ச்சி நடத்தினார்கள். 2006இல் அமெரிக்க ராக் குழுவான கார்ன் நடத்திய ‘ஃபேமிலி வேல்யூஸ்’ இசைப் பயணத்தோடு அமெரிக்கா சென்றார்கள். புது ரசிகர்களுக்கு நேராகப் பேசும் ஆசை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் பெர்லினில் திரண்டவர்கள் ஜப்பானியப் பாடல்களுக்காக வந்தவர்கள். அவர்களுக்கு மொழி ஒரு தடையாக இருக்கவே இல்லை.

என் கருத்துக்கு வலுவான சான்று குழுவிடமே இருக்கிறது. 2012 ஜனவரியில் வந்த விரிவாக்கப்பட்ட மறுபதிப்பில் இந்த இரண்டு பாடல்களையும் ஜப்பானிய மொழிக்கே திருப்பினார்கள்.

கேள்வி: ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓபெத் பல ஆண்டுகளாக ஆங்கிலத்தில்தானே பாடுகிறார்கள்?

அவர்கள் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் எழுதியவர்கள், எனவே மெட்டும் அந்த மொழியோடு சேர்ந்தே வளர்ந்தது. 2019இல் ‘இன் கௌடா வெனேனம்’ தொகுப்பை மட்டும் முதலில் ஸ்வீடிஷ் மொழியில் எழுதி, பிறகு ஆங்கிலத்திலும் பாடி, இரண்டையும் வெளியிட்டார்கள். ஸ்வீடிஷ், ஆங்கிலம் இரண்டும் ஜெர்மானியக் குடும்ப மொழிகள், இரண்டும் அழுத்தத்தை நம்பி நடப்பவை. அதனால் இழப்பு சிறிது. ஆனாலும் நான் ஸ்வீடிஷ் பதிப்பைத்தான் எடுப்பேன்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எந்தப் பதிப்பில் தொடங்கலாம்?

2012 மறுபதிப்பில். முழுத் தொகுப்பையும் வரிசை மாற்றாமல் ஒரே அமர்வில் கேளுங்கள். அதற்குப் பிறகு 2008 பதிப்பின் ‘கிளாஸ் ஸ்கின்’னை மட்டும் தனியாகப் போட்டு, பல்லவி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.