இரண்டு ஆண்டு எம்.ஏ.வை மூன்றாண்டில் படியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. பி.காம். முடித்துவிட்டு திண்டுக்கல்லில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பள்ளி, கல்லூரி எல்லாம் தமிழ்வழி, ஆங்கிலம் சுமார்தான். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் சேர ஆசை. வேலையையும் ஆறு வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் முடிக்க முடியுமா? பின்னால் உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதும் எண்ணம் உண்டு. அஞ்சல்வழிப் பட்டத்தை ஏற்பார்களா? – ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தாராளமாகச் சேரலாம். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் இந்த எம்.ஏ.வுக்குத் தகுதி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) அங்கீகாரத்தோடு தொலைநிலையில் பெறும் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே யூஜிசி தெளிவுபடுத்திவிட்டது. அதனால் கடைசிக் கேள்வியைப் பற்றிக் கவலை வேண்டாம். யோசிக்க வேண்டியது அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான்.

கணக்கு உங்கள் தொழில் என்பதால் கணக்காகவே சொல்லிவிடுகிறோம். இக்னோவில் 1 கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 32 கிரெடிட் என்று வைத்தால் 960 மணி, வாரத்துக்கு 18 மணிக்கும் மேல். மார்ச் கணக்கு முடிப்பும் ஆடிட்டும் நடக்கிற வாரங்களில் இது ஆகிற காரியமா? அதே படிப்பை மூன்றாண்டுக்கு விரித்தால் வாரம் 12 மணிக்குச் சற்று மேல்தான் வரும். இந்தப் பட்டத்தை முடிக்க அதிகபட்சம் 4 ஆண்டு தருகிறார்கள். அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஜூலையில் சேர்ந்தால் அடுத்த ஜூனில் முதலாண்டுத் தாள்களில் பாதி, டிசம்பரில் மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டுத் தாள்கள் பாக்கி இருந்தாலும் இரண்டாமாண்டுக்கு மறுபதிவு செய்யலாம். பாக்கியை முடித்துவிட்டுப் பதியலாம் என்று காத்திருந்து கடைசித் தேதியைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி தேர்வுக்கு வருவோம். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் எழுத முடியாது. மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். முதல் இரண்டும் 400 சொல் கட்டுரைகள். மூன்றாவதில் 200 சொல்லில் இரண்டு, நான்காவதில் 150 சொல்லில் நான்கு, ஐந்தாவதில் 100 சொல்லில் ஐந்து குறிப்புகள். கூட்டினால் 2,300 சொல். ஒரு கேள்விக்கு 35 நிமிடம் என்று வைத்தால் கடைசியில் மிஞ்சுவது ஐந்தே நிமிடம். முதல் கட்டுரையிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டால் கடைசிக் கேள்வியில் பாதியைத் தொடக்கூட முடியாது. இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் புரியாமல் அல்ல, எழுதி முடிக்காமல்தான்.

இதற்கு முதல் மாதத்திலிருந்தே எழுதிப் பழக வேண்டும். தினம் ஒரு 100 சொல் குறிப்பு, கடிகாரம் வைத்து, ஏழு நிமிடத்தில். ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள், பரவாயில்லை. இலக்கியத் தாள்போல இங்கே நடையழகு தேவைப்படாது. சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். இந்தியத் தத்துவத் தாளிலிருந்து தொடங்குங்கள். பிரமாணம், அனுமானம், கர்மம், மாயை எல்லாம் காதில் விழுந்த சொற்களே. பாதி பயம் அங்கேயே போய்விடும். தர்க்கத் தாளை மட்டும் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். அதை வாசித்துத் தேற முடியாது, தினமும் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு எழுதும் கைக்கு அது வசப்படும் என்றே நினைக்கிறோம்.

400 சொல் கட்டுரையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு: 'டெகார்ட் 1596இல் பிரான்ஸில் பிறந்தார்' என்று ஆரம்பித்துப் பாதிப் பக்கத்தை வாழ்க்கை வரலாற்றுக்குக் கொடுத்துவிடுவது. அதற்கு மதிப்பெண் கிடையாது. தத்துவவாதி ஹியூமின் காரண-காரியக் கருத்து பற்றிக் கேட்டால், அவர் என்ன சொன்னார், எதனால் சொன்னார், பின்னால் வந்த தத்துவவாதி காண்ட் அதை எப்படி மறுத்தார், அந்த மறுப்பு நிற்கிறதா என்று நான்கு பத்தி எழுதுங்கள். கடைசிப் பத்தியில் உங்கள் தீர்ப்பு இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பிப்பவரிடம் இல்லாமல் போவது அதுதான்.

அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே 40 எடுக்க வேண்டும். ஆனால் நெட்டுக்கு 40 போதாது. முதுகலையில் மொத்தம் 55 சதவீதம் வேண்டும். ஓபிசி நான்-கிரீமிலேயர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50. அசைன்மென்ட்டில் 75 வாங்கினால் தேர்வில் 47 எடுத்தாலே 55 வந்துவிடும். அசைன்மென்ட்டை 50இல் விட்டால் தேர்வில் 58 எடுத்தாக வேண்டும். கடைகளில் விற்கும் தயார் விடைகளைப் பார்த்து எழுதி இந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பருவத்தில் சேர்ந்தீர்களோ அந்தப் பருவத்துக் கேள்விகளுக்கே, கையால், ஏ4 தாளில் எழுதிக் கொடுங்கள். நகலும் ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

நெட் தத்துவப் பாடத்திட்டத்தில் நம் திருவள்ளுவரும் இருக்கிறார் என்பது கூடுதல் செய்தி. ஆனால் நெட் வழியாக ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. மூன்றாண்டில் முடித்தால் உங்களுக்கு 34 ஆகியிருக்கும். எனவே இறுதியாண்டிலேயே நெட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதற்கு அனுமதி உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. என்றாலும் தமிழ்நாட்டில் தத்துவத் துறை உள்ள கல்லூரிகள் மிகக் குறைவு. அந்த வேலையை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

பணம் கட்டுமுன் இரண்டு வேலை. இக்னோவின் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலைத் தத்துவத் தாளில் ஒரு தொகுதியை இறக்கி, இரண்டு வாரம் படித்து, 400 சொல்லில் ஒரு விடை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வருகிறது என்றால் சேருங்கள். அடுத்தது, தொலைநிலைச் சேர்க்கைக்கு இப்போது ஏபிசி எண்ணும் (கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கு எண்) டெப் எண்ணும் (யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) கட்டாயம். ஆதாரில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும், இனிஷியல் உட்பட, ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் சேர்க்கைத் தேதி முடிவதற்குள் அது நடந்தாக வேண்டும்.