ஊர்ச் சொத்தும் பெண் வாரிசும்: கேள்வி பதில்

யீஷூன் (சிங்கப்பூர்) வாசகி: தஞ்சாவூரில் பாட்டன் சொத்து இருக்கிறது. அப்பா 2001இல் தவறிவிட்டார். “நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு” என்கிறார் அண்ணன், அதாவது பங்கு வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்கிறார். எனக்குப் பங்கு இல்லையா?

உண்டு, அம்மா. சீர் வேறு, பாகம் வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு தந்தது. திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் சிக்கல். முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். “நீ வர வேண்டாம், பவர் கொடுத்தால் போதும்” என்று கேட்டால் வரிவரியாகப் படியுங்கள். ‘விற்கவும், அடமானம் வைக்கவும், விடுதலை செய்யவும்’ என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். அந்த வரியை நீக்காமல் சான்றொப்பம் வாங்க இந்தியத் தூதரகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பொங்கோல் வாசகி: கணவர் தவறிவிட்டார், பிள்ளையும் இல்லை. என் சம்பளத்தில் சென்னையில் வீடு வாங்கினேன். எனக்குப் பின் அம்மாவுக்குத்தானே?

உயில் எழுதாவிட்டால் அம்மாவுக்குப் போகாது. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகளே ஆனாலும், இந்திய மண்ணிலுள்ள வீட்டுக்கு இந்தியச் சட்டம்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் முதல் வரிசை கணவர், பிள்ளைகள், இரண்டாவது கணவரின் வாரிசுகள், பெற்றவர்கள் மூன்றாவதுதான். ஆண் இறந்தாலோ அவன் தாய் முதல் வரிசையில் இருக்கிறாள், மனைவியின் உடன்பிறந்தாருக்குப் பட்டியலில் இடமே இல்லை. பெற்றோர் வழி வந்த சொத்தென்றால் தகப்பன் வாரிசுகளுக்குத் திரும்பும். உழைத்துச் சேர்த்ததற்கு அந்தப் பாதுகாப்புக்கூட இல்லை.

2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இது. மணமான மூன்றே மாதத்தில் ஒரு பெண் விதவையானார். புகுந்த வீடு துரத்தியது, பிறந்த வீடு படிக்க வைத்தது, வேலை பார்த்துச் சேமித்தார். உயில் எழுதவில்லை. கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே எல்லாம் போயிற்று. இது அநியாயம், வேறு சொல் கிடையாது.

செங்காங் வாசகர்: காலங்காலமாக வந்த மரபில் சட்டம் கை வைக்கலாமா?

அந்த 15ஆவது பிரிவே 1956இல் நாடாளுமன்றம் எழுதியது. தாலி ஏறியதும் பெண் கணவன் குடும்பத்துச் சொத்து என்ற நினைப்பை எழுத்தாக்கினார்கள். எழுதியதைத் திருத்தலாம், இந்தியச் சட்ட ஆணையம் 2008லேயே திருத்தச் சொன்னது. இங்கே சிங்கப்பூரிலும் பலதார மணம் ‘வழக்கம்’ என்றுதான் இருந்தது. 1961 மாதர் சாசனம் என்ற சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அதை நிறுத்தியது. மனைவியை வன்புணர்ந்த கணவனுக்கு இருந்த விலக்கு 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுவதும் நீங்கியது.

பொங்கோல் வாசகி (மீண்டும்): இங்குள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கும் சென்னை வீட்டுக்கும் ஒரே உயில் போதுமா?

இரண்டாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சி. சொத்துப் பெறுபவரோ அவர் துணையோ சாட்சி போட்டால், சிங்கப்பூரில் அவருக்கு எழுதியது செல்லாது. பலர் சறுக்குவது ஒரு வரியில்: ‘முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்.’ பிந்தையது முந்தையதை விழுங்கிவிடும். ‘இந்தியாவிலுள்ள சொத்துக்கு மட்டும்’ என்று வரம்பு கட்டுங்கள். மறுமணம் செய்தால் இங்கே எழுதிய உயில் ரத்தாகும், புதிதாக எழுத வேண்டும். மத்திய சேம நிதிச் சேமிப்பு உயிலில் அடங்காது, அது யாருக்கு என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும்.