திருகோணமலையில் தளபாடத்தோடு வீடு வாடகைக்கு விடுபவர் என்னென்ன வைத்துக் கொடுக்க வேண்டும்?

உப்புவெளியில் அம்மாவின் வீடு சும்மா கிடக்கிறது, அவருடைய சாமான்களை அப்படியே விட்டு 'தளபாடத்தோடு' என்று கொடுத்தால் போதுமா, புதிதாக ஏதும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளிநாட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன். சாவி யாரோ ஒரு சொந்தக்காரரிடம் இருக்கும். அப்படியென்றால் இந்தப் பதிலைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நான் வீடு உள்ளவள் இல்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து வாடகை வீட்டில் இருக்கிறவள்.

2018இல் வவுனியாவில் இருந்து மாற்றலாகி வந்தோம். நான், அம்மா, நாலு வயது மகன். கணவர் கத்தாரில். சாமான்களை லொறி பிடித்து ஏற்றிவரக் காசும் இல்லை, கூட நிற்க ஆளும் இல்லை. அதனால் தளபாடத்தோடு என்று கேள்விப்பட்டதும், உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்டவே ஒரு வீட்டை எடுத்தோம். மாதம் 28,000 ரூபாய். ஆறு மாத அட்வான்ஸ், 168,000. என் தாலிக்கொடி அடகுக்குப் போய்த்தான் அந்தக் காசு வந்தது.

உள்ளே என்ன இருந்தது? ஒரு பெரிய செற்றி, கண்ணாடி போட்ட ஷோகேஸ், ஒரு இரும்பு அலுமாரி, நடுவில் குழி விழுந்த மெத்தையோடு ஒரு கட்டில், ஒரு பழைய ஃபிரிட்ஜ். காஸ் அடுப்பு இருந்தது, சிலிண்டர் இல்லை. மூன்று அறையில் ஒன்று பூட்டிக் கிடந்தது, அதற்குள் வீட்டுக்காரரின் சாமான். மூன்று அறை வீடு என்றுதான் வாடகை பேசினோம். ஷோகேஸை வைத்து நான் என்ன செய்வது? வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வேண்டியது சோறு சமைக்க ஒரு அடுப்பு, படுக்க ஒரு சமமான மெத்தை, பிள்ளை எழுத ஒரு மேசை.

ஜன்னல்களில் ஒன்றுக்கும் நுளம்பு வலை அடித்திருக்கவில்லை. கட்டிலுக்கு நான் நெட் வாங்கிக் கட்டினேன். ஆனால் டெங்கு நுளம்பு குத்துவது பகலில். வாடை மழை நேரம், 2019 தையில், மகனுக்குக் காய்ச்சல். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். காலையும் பின்னேரமும் இரத்தம் எடுத்து பிளேட்லெட் எவ்வளவு என்று சொல்லும்வரை அம்மா வாசலில் நின்றபடியே இருப்பா. நுளம்பு பள்ளிக்கூடத்திலும் குத்தும், அதற்கு வீட்டுக்காரரா பொறுப்பு என்று யாரும் எழுதப்போகிறீர்கள் என்றால், சரி, நான் அவர்மேல் பழி போடவில்லை. ஆனால் 2017இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீட்டில் சாவீடு வைத்தது என்று இந்த மாவட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. அதற்குப் பிறகும் ஜன்னலுக்கு வலை அடிக்காமலும், தண்ணித் தாங்கிக்கு மூடி போடாமலும் குடும்பத்தைக் குடிவைக்கிறவர் செற்றியைக் காட்டி வாடகையைக் கூட்டக்கூடாது. என் கணக்கில் முதல் தளபாடம் ஜன்னல் வலைதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2020 தையில் வீட்டை விட்டபோது அட்வான்ஸில் 45,000 வெட்டினார்கள். அலுமாரியின் கால் துருப்பிடித்து உக்கியிருக்கிறதாம், ஃபிரிட்ஜ் கதவின் கீழ்ப்பக்கம் துருவாம், கட்டில் போல்டுகள் இறுகிப் போய்விட்டனவாம். "நீங்க தண்ணி ஊத்திக் கழுவியிருக்கிறீங்கள் தங்கச்சி, இல்லாட்டி இப்படி வராது" என்றார் வீட்டுக்காரர்.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வீட்டில் இரும்பு துருப்பிடிக்க யாரும் தண்ணி ஊற்ற வேண்டியதில்லை. காற்றிலேயே உப்பு வருகிறது. ஈரம் இழுத்து, பெயின்ட் வெடித்த இடத்தால் உள்ளே இறங்கி, நிலத்தோடு ஒட்டியிருக்கிற காலைத்தான் முதலில் தின்னும். பிறந்ததில் இருந்து அந்தக் காற்றைக் குடிக்கிற மனிதருக்கு இது தெரியாதா?

என்னிடம் ஒரு படம் இருந்தது. வந்த முதல் கிழமை, மகன் அந்த அலுமாரிக்குள் ஒளிந்து, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை எடுத்து கணவருக்குக் கத்தாருக்கு அனுப்பியிருந்தேன். பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில் அலுமாரிக் கால், அதில் அப்போதே செங்கல் நிறத்தில் துரு. வீட்டுக்காரருக்குப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். "அது நிழல்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. அன்றைக்குப் பேசாமல் வந்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எல்லா வீட்டுக்காரரும் இப்படி என்று சொல்லமாட்டேன். கடன் பட்டுக் கட்டிய வீட்டை உடைத்து நொறுக்கிவிட்டுப் போகிற குடியிருப்பாளர்களையும் கண்டிருக்கிறேன்.

இப்போது திருகோணமலையிலேயே உவர்மலைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். அவ தந்தது கொஞ்சம்தான். இரண்டு மரக் கட்டில், புது மெத்தை, ஒவ்வொரு அறைக்கும் ஃபேன், ஒரு மேசை, நாலு கதிரை, மர அலுமாரி, அடுப்பும் சிலிண்டரும். ஒரு சீஆர் கொப்பியில், அதுதான் கட்டி அட்டை போட்ட கொப்பி, ஒவ்வொன்றையும் எழுதி, 'அலுமாரி இடப்பக்கக் கதவில் கீறல் உண்டு' என்பது வரை குறித்து, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். "மகள், நாளைக்கு எனக்கு மறந்துபோயிரும், அதுக்குத்தான்" என்றா. அந்த ஒரு கொப்பி உப்புவெளியில் இருந்திருந்தால் என் 45,000 போயிருக்காது.

அதனால் உங்கள் அம்மாவின் சாமான்களில் மரத்தில் செய்த எதுவும் இருந்தால் அப்படியே விட்டுவையுங்கள், தேக்கோ வேம்போ அது நிற்கும். மரத்தூளை ஒட்டிச் செய்த சிப்போர்ட் அலுமாரி வாங்கிப் போடாதீர்கள், மழைக்கு ஊதிவிடும். மெத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள். இன்னொருவர் படுத்த குழியில் காசு கொடுத்து வருகிறவரைப் படுக்க வைக்காதீர்கள். கச்சான் என்கிற சூட்டுக் காற்று வீசுகிற ஆனி ஆடியில் ஃபேன் இல்லாத அறை அறையே இல்லை. ஃபிரிட்ஜ் வைத்தால் அதன் பிளக் சுவரில் இருக்கிற பொயின்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் உருண்டைப் பின் பொயின்ட், வாங்குகிற சாமானில் 13 அம்பியர் சதுரப் பின், நடுவில் ஒரு மல்டி பிளக் உருகிக்கொண்டிருக்கும். கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். காஸ் குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றுங்கள். வெற்றுச் சிலிண்டர் ஒன்றையாவது வையுங்கள், அது கையில் இல்லாமல் காஸ் மாற்ற முடியாது, புதுச் சிலிண்டருக்கே காசு கட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். சித்திரை பிறந்தால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன், புரட்டாதி மட்டும் வெள்ளைக்காரர் வருவார்கள். போன வருடம் என்னோடு வேலை செய்கிற பிள்ளையை, பரீட்சைக்குப் படிக்கிற மகளோடு, சீசனுக்கு வீடு வேண்டும் என்று ஒரு மாதத்தில் எழுப்பினார்கள். நீங்களும் அப்படி நினைத்துத்தான் தளபாடம் போடுகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறோம்.

பூட்டி வைக்கிற அறை ஏதும் இருந்தால் அதை வாடகையில் சேர்க்காதீர்கள். அம்மாவின் சாமான்களை அதற்குள் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், மூன்று அறை இருந்தாலும் இரண்டு அறை வீடு என்றே சொல்லிக் கொடுங்கள்.