கேளுங்க, சொல்றோம்: அடுத்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல நம்ம கடல் வருமா?

கே: அண்ணே, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ங்கிற கம்ப்யூட்டர் போர் கேம்ல அடுத்த பாகம்னு ஒண்ணு வந்தா அதுல உங்களுக்கு என்ன வேணும்? கிராஃபிக்ஸ்னு மட்டும் சொல்லிராதீங்க.
– வாசகர், தங்கச்சிமடம்

ப: கிராஃபிக்ஸ் கெடக்கட்டும்யா, எனக்குக் காத்து வேணும். 1997ல முதல் பாகம், 2021ல நாலாவது, இத்தனை வருஷத்துல கப்பல் எந்தத் திசைக்குப் போனாலும் ஒரே ஸ்பீடுதான், தென்மேற்குக் கச்சான் காத்தும் கெடையாது, வடகிழக்கு வாடையும் கெடையாது. பாம்பனுக்குத் தெக்க ஒரு கடல், வடக்க ஒரு கடல். கச்சான் தூக்குற மாசத்துல தெக்க வல்லத்தை எறக்க முடியாது, அதே நாள்ல வடக்க குளம் மாதிரி கெடக்கும், வாடை பொறந்துச்சுன்னா எல்லாம் தலைகீழ். இதை அப்படியே ஒரு மேப்பாப் போட்டா போதும், கப்பற்படையை எந்தக் கரையில கட்டுறதுன்னு சீசன் பாத்துத்தான் முடிவு பண்ணணும், மேட்ச்சே வேற மாதிரி ஆகிரும். ராஜேந்திரன் 1025ல ஸ்ரீவிஜயத்து மேல படை அனுப்புனப்ப காத்து பாக்காமலா அனுப்பிருப்பான்?

ரெண்டாவது, முத்து. மார்கோ போலோ நம்ம மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பத்தி எழுதும்போது, எடுக்குற முத்துல ராஜாவுக்குப் பத்துல ஒரு பங்கு, சுறாவை மந்திரம் போட்டுக் கட்டி வைக்கிறவங்களுக்கு இருபதுல ஒரு பங்குன்னு சொல்றாரு. அதுலயும் பாருங்க, மந்திரம் பகலுக்கு மட்டும்தான், பொழுது சாஞ்சா அவுத்து விட்ருவாங்களாம், ராத்திரி எவனும் திருட்டுத்தனமா எறங்கக்கூடாதுன்னு. கேம்ல ஏற்கனவே எதிரி ஆளை நம்ம பக்கம் மாத்துறதுக்கு வொலோலோன்னு கத்திக்கிட்டு ஒரு பூசாரி சுத்துறாரு, அவரைப் படகுல ஏத்தி விட்டா வேலை முடிஞ்சுச்சு.

கே: காக்கா, ரெண்டாம் பாகத்துல நம்ம ஊரு படையான டிராவிடியன்ஸ் எடுத்தா நைட்டுங்கிற குதிரை வீரன் கெடையாது. ஐரோப்பாவோட பிராங்க்ஸ் படையை எடுத்தவன் குதிரையில வந்து அடிச்சுத் தொவச்சிட்டுப் போறான். இது அநியாயம் இல்லையா?
– வாசகர், கீழக்கரை

ப: அநியாயம்னு சொல்ல மாட்டேன் தம்பி. 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கிற கூடுதல் தொகுப்பு வந்தப்பவே நம்மளுக்கு உருமி வீரன், திரிசடைக் கப்பல், மீன் கூடுதலா அள்ளுற படகுன்னு கொடுத்துட்டாங்க, யூனிட்டெல்லாம் தமிழ்ல வேற பேசுது, அதுக்கே நான் ஃபிளாட். குதிரை எப்பவுமே நம்மளுக்கு எறக்குமதிச் சரக்குதான். மாபார்னு அப்ப சொன்ன நம்ம பாண்டியர் கரைக்கும் காம்பே மாதிரி மத்த துறைமுகங்களுக்கும் சேத்து வருஷத்துக்கு 10,000 குதிரை வந்ததா பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதி வச்சிருக்காரு. வந்ததுல பெரும்பாலும் வருஷம் திரும்புறதுக்குள்ள செத்துரும், வியாபாரிங்க லாடம் கட்டுற ஆளை வேணும்னே இங்க வர விடறதில்ல, குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் யாவாரம்னு போலோ போட்டு ஒடைக்கிறாரு. அடுத்த பாகத்துல இதைத்தான் வைக்கணும்: லாயம் வேணாம், துறைமுகத்துல தங்கம் கொடுத்துக் குதிரை வாங்கு, வாங்குனதை ஒடனே சண்டைக்கு அனுப்பு, வச்சிருந்தா ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே இருக்கும். பிராங்க்ஸ் ஆளு அப்ப வரட்டும் பாப்போம்.

கே: சிவிலைசேஷன் 7ங்கிற இன்னொரு கேம்ல சோழர் வந்தாச்சே, அது போதாதா?
– வாசகி, ராமநாதபுரம்

ப: 2025 பிப்ரவரியில வந்ததும் பாத்தேன்மா. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம்னு கல்வெட்டுல இருக்குற வணிகக் குழுப் பேரையெல்லாம் கட்டடமா வச்சிருக்காங்க, அது அழகு. ஆனா வெளியானப்ப இருந்த ரூல்படி அடுத்த காலத்துக்குப் போகணும்னா சோழரைக் கழட்டி வச்சிட்டு வேற நாட்டை எடுக்கணும். ராத்திரி பூராக் கண்ணு முழிச்சு பெரிய கோயில் கட்டுனவன் விடிஞ்சதும் மொகலாயனா மாறுனா சோறு எறங்குமா?

கே: தடைக்காலத்துல போட்டைக் கட்டிப் போட்டுட்டு 61 நாளும் இதே கேம்தான் ஆடுறேன்னு அப்பா ஏசுறாரு. என்ன சொல்லிச் சமாளிக்கலாம்?
– வாசகர், மண்டபம்

ப: அப்பா ஏசுறதுல ஞாயம் இருக்கு, வலைக்கிழிசலைத் தச்சு வச்சிட்டு ஆடு. ஆனா நீ கேட்டதுல ஒரு விஷயம் மாட்டிக்கிச்சு. ரெண்டாம் பாகத்துல ஒரு எடத்து மீனை அள்ளி முடிச்சிட்டா அவ்வளவுதான், அந்தக் கடல் காலி, அப்பறம் மரத்தைச் செலவழிச்சு மீன் பொறி கட்டணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகை நிறுத்தி வைக்கிறது எதுக்குன்னு இங்க கொழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் படகு விடாம இருந்தா மீன் திரும்பப் பெருகுற மாதிரி வைக்கட்டுமே. எதிராளி அந்த நேரம் பாத்து அள்ளிட்டுப் போவானே, அப்ப நம்ம காவல் கப்பல் போடணும், அவன் சண்டைக்கு வருவான்... மீனுக்காகவே ஒரு யுத்தம் நடக்கும். பாக் ஜலசந்தியில பொறந்தவனுக்கு இதுக்கு ட்யூட்டோரியல் வேற வேணுமா?

கே: குறுக்கு வழியா ஒரு கோடு அடிச்சா போர்க்களத்துல கோப்ரா கார் வருமே, அந்தப் பழைய சீட் கோடு அடுத்த பாகத்துலயும் இருக்கணுமா?
– வாசகர், தொண்டி

ப: இல்லாட்டி வாங்கவே மாட்டேன். தனுஷ்கோடி மணல்ல ஓட்டுறதுக்கு ஒரு மேப்பும் சேத்துக் கொடுத்துரணும்.