நரம்பியல் ஆய்வாளருக்கு 'எச்-இன்டெக்ஸ் 25' என்றால் என்ன அர்த்தம்?

அவர் எழுதியவற்றில் 25 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 25 தடவையாவது பிற ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்த கணக்கு இது.

சரி, மொத்த மேற்கோள்களைக் கூட்டினால் போதாதா? போதாது. மூளை ஸ்கேன் படங்களை அலசும் ஒரு முறையை எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கினால், அந்த முறையை விவரித்த ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் மேற்கோள் விழும்.

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பத்து மாமரம் நிற்கிறது. மரம்தான் கட்டுரை, காய்தான் மேற்கோள். ஒரு கறுத்தக்கொழும்பான் மட்டும் 300 காய் காய்த்து, மற்றவை பூவோடு உதிர்ந்துவிட்டால் அந்த வளவின் எண் 1தான். ஐந்து மரங்கள் ஆளுக்கு ஐந்து காய் தந்து, மற்றவை காய்க்காவிட்டால் 5. (கறுத்தக்கொழும்பானின் ருசி இந்தக் கணக்கில் வராது, கட்டுரையின் தரமும் அப்படித்தான்.) நேற்று நட்ட கன்றிலும் காய் தேட முடியாது. இளம் ஆய்வாளர்களின் எண் சிறிதாக இருப்பது அதனால்தான்.

நரம்பியலாளரின் எண் கணிதவியலாளரின் எண்ணைவிடப் பெரிது என்பதால் அவர் கெட்டிக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நரம்பியலில் கட்டுரைகளும் வந்து குவிகின்றன, ஒவ்வொரு கட்டுரையும் காட்டும் மேற்கோள்களும் கூடுதல். அதனால் எண்ணும் அங்கே இயல்பாகவே பெரிது.